வேஷத்தைக் கடைசி நாளில் கொடுக்காதீர்கள்: மேடையேற்றுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாடகக் குழு, நடனக் குழு, படப்பிடிப்பு, விழா மேடை, கேளிக்கைப் பூங்கா என்று எதை நடத்தினாலும் சரி, பிறருக்கு வேஷம் கொடுத்து மக்கள் முன்னால் நிறுத்தும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் மேடைக்குப் பின்னால் உடைப் பொறுப்பில் இருப்பவள். நடிகருக்கு மாட்டிவிடுவது, கிழிந்ததைத் தைப்பது, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே இருட்டில் ஒருவரின் சட்டையை உருவி இன்னொன்றைப் போட்டுவிடுவது, எல்லோரும் போன பிறகு ஈரத் துணியை உலர்த்துவது, இதெல்லாம் என் வேலை. சுவரொட்டியில் பெயர் வராத வேலைதான். அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. என் வருத்தம் உடை வந்து சேரும் நேரத்தைப் பற்றியது.

வசனம் முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது. பாட்டும் வந்துவிடுகிறது. மேடையில் எங்கே நாற்காலி, எங்கே கதவு என்று தரையில் டேப் ஒட்டிக் காட்டிவிடுகிறீர்கள். உடை மட்டும் அரங்கேற்றத்துக்கு முந்தைய இரவில், சில சமயம் அன்று மாலையிலேயே, பிளாஸ்டிக் உறையோடு வந்து இறங்கும். "போட்டுப் பாருங்க. கொஞ்சம் டைட்டா? பரவாயில்ல, சேஃப்டி பின் குத்திச் சமாளிச்சுக்கலாம்." அத்தனை நாளும் டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டுமாக ஒத்திகை பார்த்த ஒருவர், தன் உடம்பு இனிமேல் எப்படி அசையும் என்பதே தெரியாமல் அரங்கேற்றத்துக்கு நிற்பார். இந்த வழக்கத்தை விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உடையை நீங்கள் பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அது நிறம், மின்னல், காலகட்டம். உள்ளே இருப்பவருக்கு அது எடை, சூடு, மூச்சு, பார்வை. அதோடு தான் இப்போது யார் என்கிற நினைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் நடிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி கிடையாது.

சார்லி சாப்ளின் திரைக்கு வந்த புதிதில், 1914-ல், கீஸ்டோன் ஸ்டுடியோவில் ஏதாவது கோமாளி வேஷம் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். தொளதொளவென்று ஒரு கால்சட்டை, இறுக்கிப் பிடிக்கும் கோட்டு, சின்னத் தொப்பி, பெரிய பூட்ஸ், ஒரு கைத்தடி. வயது கூடித் தெரியட்டும் என்று குட்டி மீசை. அந்த ஆள் யார் என்று உடுத்தும்வரை தனக்கே தெரியாது, உடுத்தியதும் அவனை உணரத் தொடங்கிவிட்டேன், மேடைக்கு நடந்து போவதற்குள் அவன் முழுசாகப் பிறந்துவிட்டான் என்று பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். உடை அன்றைக்கு அவர் கையில் இல்லாமல் போயிருந்தால் அந்த நடை எங்கிருந்து வந்திருக்கும்?

பழைய மேடைக் கலைகள் இதற்கென்றே நேரம் ஒதுக்கி வைத்திருக்கின்றன. ஜப்பானின் 'நோ' என்ற பழைய முகமூடி நாடகத்தின் அரங்கில், மேடைக்குப் போகும் பாலத்தின் மறுமுனையில் கண்ணாடி அறை என்றே ஓர் அறை உண்டு. பிரதான நடிகர் முழு உடையில் அங்கே வந்து உட்கார்ந்து, முகமூடியை அணிந்து, எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் தன்னைப் பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் திரை விலகும். வட கேரளத்தில் தெய்யம் என்ற சடங்குக் கூத்தில் தெய்வ வேஷம் கட்டுபவர் தலையில் 'முடி' என்கிற கிரீடத்தை ஏற்றியதும் கைக்கண்ணாடியில் முகம் பார்ப்பார்; அதற்கு அப்புறம் அவரைச் சுற்றி நிற்பவர்களுக்கு அவர் மனிதர் அல்ல, தெய்வம். கதகளியில் சுட்டி குத்துவதற்காக (முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஒட்டும் ஒப்பனை அது) நடிகர் மல்லாந்து படுத்துக் கிடக்கிற நேரமே மணிக்கணக்கில் போகும். இவர்கள் யாரும் "ஜிப்பை இழு, ஓடு" என்று ஆளை மேடைக்குத் தள்ளுவதில்லை.

ஆராய்ச்சியாளர்களும் இதை அளந்து பார்க்க முயன்றிருக்கிறார்கள். 2012-ல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் மருத்துவருடையது என்றும், சிலரிடம் ஓவியருடையது என்றும் சொல்லிப் போடச் செய்தார்கள். மருத்துவர் கோட்டு என்று நம்பிப் போட்டவர்களின் கவனம் கூடியது என்பது முடிவு. உடை பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைத்தான் எடுத்து வீசுவார்கள். நான் இதன்மேல் அதிகப் பாரம் ஏற்ற மாட்டேன்; அந்த ஆய்வின் முதல் சோதனையை 2019-ல் இன்னும் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஒரு கோட்டைப் போட்டதும் மூளை கூர்மையாகிவிடும் என்று யாராவது உங்களிடம் பயிற்சி வகுப்பு விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு. நான்கு வயதும் ஆறு வயதுமான 180 குழந்தைகளுக்குச் சலிப்பான ஒரு கணினி வேலையைக் கொடுத்து, பக்கத்திலேயே விளையாட்டு உள்ள ஐபேடையும் வைத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டுவிட்டு விளையாடப் போகலாம். பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகத் தன்னை நினைத்துக்கொண்டு, அதற்கேற்ற ஏதோ ஒன்றை அணிந்துகொண்ட குழந்தைகள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் நின்றார்கள். அந்தக் குழந்தை "நான் செய்கிறேனா?" என்று தன்னைக் கேட்கவில்லை, "பேட்மேன் செய்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டது. நடிகர் செய்வதும் ஏறக்குறைய இதைத்தானே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1988-ல் ஃபிராங்க், கிலோவிச் என்ற இருவர், அமெரிக்கக் கால்பந்திலும் ஐஸ் ஹாக்கியிலும் கறுப்புச் சீருடை அணிகள் அதிகத் தண்டனை வாங்குவதைக் காட்டினார்கள். இதில் இரண்டு காரணம் கலந்திருந்தது. ஒரே ஆட்டத்தைக் கறுப்புச் சட்டையில் காட்டினால் பார்ப்பவர்கள் அதை முரட்டு ஆட்டம் என்றார்கள். கறுப்பைப் போட்டுக்கொண்டவர்களோ முரட்டு விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். உடை உள்ளே இருப்பவரையும் மாற்றுகிறது, எதிரே நிற்பவரையும் மாற்றுகிறது. பெரிய மிருக உடைக்குள் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். முகம் தெரியாத ஆளை வாலைப் பிடித்து இழுக்கவும், முதுகில் அடிக்கவும், கட்டிப்பிடித்து நகர விடாமல் நிறுத்தவும் வளர்ந்த மனிதர்களே தயங்குவதில்லை. உள்ளே ஒரு முகம் இருப்பது அவர்களுக்கு மறந்தே போய்விடுகிறது. அதனால்தான் அப்படிப்பட்ட உடைக்குள் இருப்பவருடன் கண் தெரிகிற ஒருவர் கூடவே போக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கை பிடித்து அழைத்துப் போவதற்கு மட்டும் அல்ல, "போதும், விடுங்க" என்று சொல்வதற்கும் ஒரு வாய் வேண்டும்.

சரி, மனத்தைப் பற்றிப் பேசியது போதும். உடம்புக்கு வருவோம். என் கோபமெல்லாம் அங்கேதான்.

தரையைத் தொடும் பாவாடையில் ஒரு பெண் படியேறுவதை நினைத்துப் பாருங்கள். முதல் தடவை கட்டாயம் விளிம்பை மிதிப்பார். இரண்டாவது தடவை பயத்தில் இரண்டு கையாலும் துணியை அள்ளிப் பிடிப்பார். மகாராணி சாக்கடையைத் தாண்டுவதுபோல் இருக்கும். சில நாள் அதே துணியோடு புழங்கவிட்டால், முழங்காலால் துணியை லேசாக முன்னே எற்றிவிட்டு, அது திரும்பி விழுவதற்குள் பாதத்தைப் படியில் வைக்கக் கற்றுக்கொள்வார். பார்ப்பவருக்கு அவர் மிதப்பதுபோல் இருக்கும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், பின்னால் இழுபடும் துணிக்கு வழிவிட்டு ஒரு சிறு வட்டம் போடுவார். இதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. துணியின் எடை சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இடுப்பில் வாள் தொங்கும் ஆள் உட்காருவதும் அப்படித்தான். பழகாதவர் உட்கார்ந்தால் வாள் நாற்காலியில் இடித்துக் கைப்பிடி விலாவில் குத்தும். பழகியவர் பார்க்காமலேயே இடது கையால் அதைப் பின்னால் சாய்த்துவிட்டு உட்காருவார். அந்த ஓர் அசைவில் அவர் வாழ்நாள் முழுக்க வாள் சுமந்தவர் என்று நாம் நம்பிவிடுவோம். வசனத்தில் பத்து வரி எழுதினாலும் வராத நம்பிக்கை அது.

பாடுபவர்களின் நிலைமை இன்னும் மோசம். இடுப்பையும் விலாவையும் இறுக்கும் உடையில் விலா எலும்புகள் விரிய இடமில்லை. மூச்சு மார்பின் மேல்பகுதியிலேயே நின்றுவிடும். தளர்ந்த சட்டையில் பயிற்சி செய்தபோது எந்த இடத்தில் மூச்சு எடுத்தாரோ, அந்த இடம்வரை இப்போது காற்று போதாது. நடுவில் ஒரு வார்த்தையை உடைத்து மூச்சு வாங்குவார். "தயாரிப்பு பத்தலை" என்று விமர்சனம் வரும். அவருடைய தயாரிப்பில் குறையில்லை. அவர் தயாரானது வேறொரு உடம்புக்கு.

முகமூடி போட்டால் கண்ணின் ஓரப்பார்வை போய்விடும். நோ முகமூடியின் கண் துளைகள் மிகச் சிறியவை. மேடையின் மூலைத் தூணைக் குறியாக வைத்துத்தான் நடிகர் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறார். அதற்காக ஒரு தூணையே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்! நீங்கள் மேடை விளிம்பில் ஒரு ஒளிரும் டேப்கூட ஒட்டுவதில்லை. ஒரு நிகழ்ச்சியில் (யாருடையது என்று சொல்லப் போவதில்லை) பெரிய தலை மாட்டிய ஒருவர் இருட்டில் விளிம்பைத் தாண்டிக் காலை வைத்துவிட்டார். கணுக்கால் வீங்கியதோடு போனது. அந்தத் தலையை அவர் முதன்முதலாக மாட்டியது அன்று மாலைதான்.

அடுத்தது சூடு. இதை ஏதோ சகித்துக்கொள்ள வேண்டிய சங்கடமாக நினைக்கிறீர்கள். உடம்பு குளிர்வது வியர்வை வழிவதால் அல்ல, அது ஆவியாவதால். ஃபோமும் செயற்கை ரோமமும் அடுக்கிய உடைக்குள் இருக்கும் காற்று கொஞ்ச நேரத்திலேயே ஈரத்தால் நிறைந்துவிடும். பிறகு எவ்வளவு வியர்த்தாலும் சொட்டிக்கொண்டே இருக்குமே தவிர, ஆவியாக வழியில்லை. உடம்பின் உள்வெப்பம் ஏறும். அது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆளுக்குத் தடுமாற்றமும் குழப்பமும் வந்தால் அது வெப்ப வாதம், உயிருக்கே ஆபத்தானது. 60 கிலோ எடையுள்ளவர் உடம்பிலிருந்து 1.2 லிட்டர் நீர் போனாலே, அதாவது எடையில் 2 சதவீதம், உழைக்கும் திறன் இறங்கத் தொடங்கும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. உடம்பு வெப்பத்துக்குப் பழகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தில் வேலை செய்தால், ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, வியர்வையில் உப்பு குறைவாகப் போகிறது. விளையாட்டு வீரர்களுக்கும் ராணுவத்தினருக்கும் இதைத் திட்டம் போட்டுச் செய்கிறார்கள். உங்கள் மிருக உடைக்காரருக்கு யார் செய்கிறார்கள்? உடை கடைசி நாளில் வந்தால் அவருடைய உடம்புக்குப் பழக நாளே இல்லை. முதல் காட்சியே அவருக்கு முதல் வெயில்.

இதோடு சேர்த்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறைய பேர் நிகழ்ச்சி நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றே. ஏனென்றால் அந்த உடையைக் கழற்றாமல் கழிவறைக்குப் போக முடியாது. கழற்றினால் திரும்ப மாட்ட இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேரும் அப்போது வேறு யாருக்கோ ஊக்கு குத்திக்கொண்டிருப்பார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நாளில் இது இன்னொரு மடங்கு. உடையை வரைகிறவர் பின்பக்கம் ஐம்பது பித்தான் வைத்து அழகு பார்க்கிறார். அதை அணிகிறவரோ காலையிலிருந்து தொண்டை வறண்டு கிடக்கிறார். வடிவமைப்பு முடியும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் போட்டவர் தனியாகக் கழிவறைக்குப் போய் வர முடியுமா? பித்தானை அலங்காரமாக வெளியே வைத்துவிட்டு உள்ளே ஒரு ஜிப் வைக்க எந்தத் தையல்காரருக்கும் தெரியும்.

ஒப்பனையும் உடைதான், தோலோடு ஒட்டிய உடை. 1939-ல் வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் தகர மனிதனாக முதலில் நடிக்கத் தொடங்கியவர் பட்டி எப்சன் என்ற நடிகர். முகத்தில் பூசிய அலுமினியப் பொடி நுரையீரலுக்குள் போய், மூச்சுவிட முடியாமல் மருத்துவமனையில் கிடந்தார். அவருக்குப் பதிலாக ஜாக் ஹேலி வந்தார்; அவருக்குப் பொடியை விட்டுப் பசையாகப் பூசினார்கள். அதாவது மாற்று வழி இருந்தது. ஒருவர் படுத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அதே படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனின் பச்சை ஒப்பனையில் தாமிரம் கலந்திருந்தது. தீ வரும் காட்சியில் முகத்திலும் கையிலும் தீக்காயம் பட்டபோது, வெந்த தோலின் மேலிருந்தே அந்தப் பூச்சை ஆல்கஹால் போட்டுத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பொருள்கள் இல்லை, சரி. ஆனால் கூந்தலும் தாடியும் ஒட்டும் பசையை அதற்குரிய திரவம் வாங்கி வைக்காமல் இழுத்துப் பிய்ப்பதை நான் இன்றும் பார்க்கிறேன். கன்னத்தில் தோல் சிவந்து உரிந்திருக்கும், மறுநாள் அதே இடத்தில் மறுபடி பசை. பசைக்குப் பணம் ஒதுக்குபவர்கள், கழற்றும் திரவத்துக்கும் ஒதுக்கக் கூடாதா?

பாதுகாப்பு என்று சொன்னாலே சிலர் உடனே ஒரு சுற்றறிக்கை போட்டுவிடுவார்கள். அதுவும் போதாது. ஏன் என்பதற்கு எம்மா லிவ்ரியின் கதையை நினைத்துக்கொள்வேன். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் ஓபராவின் நட்சத்திர நடனக்காரி. அப்போது மேடை விளக்குகள் எரிவாயுவில் எரிந்தன. மெல்லிய மஸ்லின் பாவாடை அணிந்த நடனப் பெண்கள் தீப்பிடித்துச் சாவது அடிக்கடி நடந்தது. தீப்பிடிக்காதபடி துணியை ரசாயனத்தில் முக்கி எடுக்கும் முறையும் வந்தது, அதை அணிய வேண்டும் என்று அரசு ஆணையும் வந்தது. ஆனால் அப்படி முக்கி எடுத்த துணி விறைத்துப் போகும், நிறம் மங்கிவிடும், ஆடும்போது காற்றில் எழாது. லிவ்ரி மறுத்தார், தன் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன் என்று எழுதியே கொடுத்தார். 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையில் பாவாடை விளக்கில் பட்டுத் தீப்பற்றியது. எட்டு மாதம் வலியில் கிடந்து 1863 ஜூலையில் இறந்தபோது அவருக்கு வயது 20.

இதைச் சொல்லிவிட்டு "பார்த்தாயா, சொன்ன பேச்சு கேட்கவில்லை" என்று அவர்மேல் பழி போடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு அந்த உடை வெறும் துணி அல்ல, ஆட்டத்தில் பாதி. அது காற்றில் எழாவிட்டால் அவர் கற்ற ஆட்டமே வெளியே தெரியாது. ஆணை போட்டவர்கள் துணியின் பாதுகாப்பை மட்டும் பார்த்தார்கள். அதை அணிந்து ஆட முடியுமா என்று ஆடுபவரோடு சேர்ந்து யோசித்து, வேறு துணி, வேறு நெசவு, விளக்குக்கு ஒரு தடுப்பு என்று தேடியிருக்கலாம். அணிபவர் ஏற்றுக்கொள்ளாத பாதுகாப்பு அலமாரியில்தான் தொங்கும்.

உடை பற்றிய முடிவில் அணிபவருக்கும் ஒரு குரல் வேண்டும் என்பது மேடைக்கு மட்டும் உரியதல்ல. 2021-ல் ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் நார்வேப் பெண்கள் அணி, பிகினி அடிப்பாகத்துக்குப் பதிலாகக் குட்டைக் கால்சட்டை அணிந்து ஆடியது. அதற்காக 1,500 யூரோ அபராதம் விதித்தார்கள். உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்த பிறகு அதே ஆண்டில் விதியை மாற்றினார்கள். விம்பிள்டனில் பெண்கள் வெள்ளைப் பாவாடைக்குள் அடர்நிற உள்கால்சட்டை அணிய 2023-ல்தான் வழி பிறந்தது. மாதவிடாய் நாளில் வெள்ளை உடையில் ஆடுவது எப்படிப்பட்ட கவலை என்று வீராங்கனைகள் வெளிப்படையாகப் பேசிய பிறகு. 1998-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தனியறையில் நீச்சல் உடை அணிந்து கணக்குப் போட்ட பெண்கள், ஸ்வெட்டர் அணிந்தவர்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்த வேறுபாடு இல்லை. சுற்றி யாரும் இல்லாதபோதே தன் உடம்பைப் பிறர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால், நினைப்பில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. ஆயிரம் பேர் முன்னால் கழுத்துத் துணி நழுவுமோ என்ற பயத்தோடு ஒருவரை ஆடவிட்டு, "முகத்தில் பாவமே இல்லை" என்று சலித்துக்கொள்கிறீர்கள். பாவம் தோள்பட்டையைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது!

இன்னொன்று, சின்னதாகத் தெரியும் ஆனால் சின்னது இல்லை. பாலே காலணிகள் நெடுங்காலம் வெளிர் ரோஜா நிறத்தில்தான் வந்தன. காலணி காலின் நீட்சியாகத் தெரிவதற்கு என்று காரணம் சொன்னார்கள். யார் கால்? கறுப்பு, மாநிறத் தோல் உடையவர்கள் ஒவ்வொரு ஜோடியையும் உட்கார்ந்து முகப்பூச்சு தடவித் தங்கள் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லம் என்ற அமெரிக்க பாலே குழு 1970-களிலேயே தோல் நிறத்துக்கேற்ற காலுறை, காலணிக்கு மாறியது. லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறக் காலணிகளைக் கொண்டுவந்ததோ 2018-ல். உங்கள் உடைப் பெட்டியில் "ஸ்கின் கலர்" என்று எழுதிய துணிக்கட்டு ஒன்று இருக்கும். அது யாருடைய தோலோடு பொருந்துகிறது என்று ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். பணம். உடையை முன்கூட்டியே தைத்துக் கொடுத்தால் ஒத்திகையிலேயே அழுக்காகும், கிழியும், அரங்கேற்றத்துக்குப் பழசாகிவிடும். நியாயமான பேச்சுதான். ஆனால் ஒத்திகைக்கு அசல் உடையே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதே நீளத்தில், அதே அகலத்தில் மலிவுத் துணியில் ஒரு பாவாடை. அதே உயரக் குதிகால் உள்ள பழைய ஜோடி. கிரீடத்தின் எடைக்குச் சமமாக ஏதாவது கட்டிய ஒரு பட்டை. முகமூடியின் கண் துளை அளவுக்கு வெட்டிய ஓர் அட்டை. இவற்றில் எதுவும் உங்களை ஓட்டாண்டியாக்காது. காலணியை மட்டும் அசலாகவே கொடுங்கள். குதிகால் உயர்ந்தால் எடை முன்பாதத்துக்குப் போகும், முதுகின் வளைவு மாறும், நடையே மாறும். புதுக் காலணியோடு வரும் கொப்புளம் வேறு. அப்புறம், அரங்கேற்றத்துக்கு முந்தைய இரவில் அவசரத் தையலுக்கும், கடைசி நேரத்தில் வாடகைக்கு எடுக்கும் மாற்று உடைக்கும் நீங்கள் கொடுக்கும் பணத்தை ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். நான் கூட்டிப் பார்க்க மாட்டேன், எனக்கு வயிறு எரியும்.

இன்னும் சிலர், முன்னாலேயே உடுத்தினால் புதுமை போய்விடும், கடைசி நாளில் உடை கைக்கு வரும்போது நடிகருக்கு ஒரு வேகம் வரும் என்பார்கள். வேகம் வரும், ஒப்புக்கொள்கிறேன். நானே பார்த்திருக்கிறேன், கண்ணாடி முன்னால் நிற்கும் அந்தப் பூரிப்பை. ஆனால் அது முதல் காட்சியோடு வடிந்துவிடும். பழகிய உடை தருவது வேறு மாதிரி. நடிகர் அதை மறந்துவிடுவார். கை தானாகப் பைக்குள் போகும். கோபம் வந்தால் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போடத் தோன்றும், அதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இயக்குநர்களே, நீங்கள் ஒத்திகையில் மண்டையை உடைத்துக்கொண்டு தேடும் "செய்கை" எல்லாம் இப்படித்தான் கிடைக்கின்றன.

கழற்றும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்சி முடிந்ததும் "சீக்கிரம், வண்டி காத்திருக்கு" என்று கதவைத் தட்டுகிறீர்கள். சில வேஷங்கள் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. கொடுமைக்காரராகவோ, பிள்ளையைப் பறிகொடுத்தவராகவோ மேடையில் நின்றவர், தன் சொந்தச் சட்டையைப் போட்டு, முகம் கழுவி, தன் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிடும்வரை பாதி அங்கேயே நிற்பார். அவருக்குக் கொஞ்சம் நேரமும், தண்ணீரும், கதவு சாத்திய அறையும் கொடுங்கள். அறை என்றால் எல்லோரும் கடந்து போகிற நடைபாதையில் ஒரு திரையைக் கட்டிவிடுவது அல்ல. வியர்த்த உடையைத் துவைக்கக் கணக்கில் ஒரு தொகை வையுங்கள். நேற்று ஒருவர் வியர்த்துப் போட்ட உடையை இன்று ஈரத்தோடு இன்னொருவருக்கு மாட்டிவிடும்போது அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், மூச்சை அடக்கிக்கொள்வார். பூங்காக்களிலும் விழாக்களிலும் இது அன்றாடம் நடக்கிறது. தோல் நோய் வந்தால் விடுப்பு எடுப்பதும் அவர்தான், கூலி இழப்பதும் அவர்தான்.

ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்று கேட்கிறேன். உடை எந்தத் தேதியில் கைக்கு வரும், அதை மாற்றச் சொல்லும் உரிமை அணிபவருக்கு எதுவரை உண்டு, மூடிய உடைக்குள் தொடர்ந்து எவ்வளவு நேரம் இருக்கலாம், "கழற்று" என்பதற்கு எந்தக் கைசாடை, அதைக் கண்டதும் யார் ஓடி வருவார். வாய்மொழியாக எல்லோரும் நல்லவர்கள்தான். அரங்கேற்ற நெருக்கடியில் வாய்மொழி எதுவும் நிற்காது. கைசாடையை முதல் ஒத்திகையிலேயே எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள். தலைக்குள் இருந்து கத்தினால் வெளியே கேட்காது.

அடுத்த தயாரிப்பின் கால அட்டவணையை இந்நேரம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதில் "உடை" என்ற வரி எந்தத் தேதிக்கு நேரே இருக்கிறது என்று பாருங்கள். அரங்கேற்றத்தை ஒட்டி இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் கொண்டுவாருங்கள். தைப்பவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடைப் பொறுப்பில் இருக்கும் ஒருத்தி